நாலாம் மாடிப் பெட்சீற்

இத்தாலியின் இந்த மொண்டெல்லோக் கடற்கரையில் காற்று எப்படி என்று அறிய நான் கடலைப் பார்ப்பதில்லை. கடல் பொய் சொல்லும். கைபேசி அதைவிடப் பெரிய பொய் சொல்லும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கடற்கரை வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியைப் பார்ப்பேன். இப்போது அங்கே புதுச் சொந்தக்காரர்கள் ஏசிப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் காலையில் கண் தன்பாட்டில் அங்கேதான் போகிறது.

எனக்குச் சம்பளம் தருவது ஒரு விண்ட்சர்ஃபிங் கிளப். பலகையில் ஏறி நின்று, பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்றோடு கடலில் ஓடுகிற விளையாட்டு. நான் விளையாடுகிறவன் இல்லை. உரும்பிராய்த் தோட்டக்காரனின் மகன். வெங்காயம் தெரியும், கடல் தெரியாது. பலகைகளைக் கழுவுவது, பாய்களை உலர்த்துவது, றப்பர் வள்ளம் ஓட்டுவது, காலையில் கொடி ஏற்றுவது, இவ்வளவுதான் என் வேலை. பச்சை என்றால் எல்லோரும் போகலாம். மஞ்சள் என்றால் பழகியவர்கள் மட்டும். சிவப்பு என்றால் ஒருவரும் இல்லை. கொடியின் நிறத்தை நான் தீர்மானிக்கிறேன் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். தீர்மானித்தது அந்த மாடியில் உடுப்புக் காயப்போட்ட ஒரு மன்னார்ப் பெண்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதுவதென்றால் அவரிடம் கேட்கவேண்டும். கேட்க இப்போது எனக்கு வழியும் இல்லை, முகமும் இல்லை. அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒரு வேலைக் கொன்ட்ராத்தோ தேவையாக இருந்தது, வேலைக்கு எடுத்தோம் என்று முதலாளி கையெழுத்திட்ட ஒரு கடதாசி. ஊரில் தமக்கையோடு விட்டுவந்த மகளை இங்கே எடுப்பதற்கு அது வேண்டும். மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் மனுப் போட்டாகவேண்டும். அந்தக் கடதாசியை வாங்கிக் கொடுக்க என்னால் முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. கதை அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் அக்கா எப்படிப்பட்டவர் என்பது.

அக்கா கேட்காத மனுசி. யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். பஸ்ஸில் ஜன்னல் அவருடைய முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும், மூடுங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லமாட்டார். தேவாலயத்தில் பூசைக்குப் பிந்திப் போனால் வாங்கின் ஓரத்தில் இருப்பவரைத் தள்ளியிருக்கச் சொல்லாமல் முழுப் பூசையும் நின்று பார்ப்பார். என் மனைவி ஒருமுறை அவரோடு போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் போனாள். மீன்காரன் வயிறு வெடித்த சாளையைப் போட்டுக் கட்டினானாம், அக்கா பேசாமல் வாங்கிக்கொண்டாராம். "மாத்தித் தா எண்டு கேக்க ஒரு வசனம் தானே, வாயிலை என்ன கொழுக்கட்டையே?" என்று வீட்டுக்கு வந்தும் மனைவி ஆறவில்லை.

அவர் அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவோடு, இத்தாலிய வீட்டுக்காரம்மாவோடு, தங்கி வேலை செய்தார். தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வெளியே போகலாம். ஒரு வியாழக்கிழமை மொண்டெல்லோ பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தார். தமிழ் முகம் என்று கண்டு நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"அக்கா, நீங்கள்தானே அந்த மாடியிலை உடுப்புக் காயப்போடுறது?"

"ஓம் தம்பி."

"உங்கட உடுப்பைப் பாத்துத்தான் நாங்கள் காத்துப் பாக்கிறம், தெரியுமோ?"

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஏன், எப்படி என்று பிடுங்கியிருப்பார்கள். அக்கா, "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் குடாவுக்கு இரண்டு பக்கமும் மலை. ஒரு பக்கம் காலோ, மற்றப் பக்கம் பெல்லெக்ரீனோ. காற்று மலையில் இடித்து, திரும்பி, தனக்கு விருப்பமான வழியால் வரும். கைபேசி சொல்வது வெளிக்கடல் காற்று. கிளப் கூரையில் பூட்டிய காற்றுக் கருவியை ஒவ்வொரு மாரியும் உப்புத் தின்றுவிடும். அக்காவின் கயிறு மட்டும் இரண்டு மலைக்கும் நடுவே, கூரைகளுக்கு மேலே, சரியான இடத்தில் இருந்தது. தலையணை உறை ஆடினால் புதிதாய்ப் பழகுகிறவர்களுக்குக் காணும். சிஞ்ஞோராவின் ரோசா நிற நைற்றி கை தூக்கினால் சின்னப் பாயை எடுக்கவேண்டும். பெட்சீற் கிடைமட்டமாய்ப் பறந்தால் கெட்டிக்காரர் மட்டும். பெட்சீற் கடற்பக்கம் நீண்டால் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

பஸ்ஸில் நான் அதைச் சொன்ன அடுத்த நாள் காலை மாடியைப் பார்த்தேன். கயிறு முழுக்க ஒழுங்குமாறியிருந்தது. சின்ன உடுப்புகள் இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம், ஒன்றையொன்று மறைக்காமல். சரியாக ஏழு மணி. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஏழு தவறியதில்லை. தோய்க்க உடுப்பு இல்லாத நாட்களில் உலர்ந்த உடுப்பை நனைத்துப் போடுகிறார் என்று பின்னால்தான் அறிந்தேன். நான் கேட்டுச் செய்யவில்லை, சும்மா வம்புக்குச் சொன்னதைக் கேட்டுச் செய்தார்.

பேசும்போது இத்தாலியன்கள் வைத்த பெயர்களை அக்கா தொடமாட்டார். வடகிழக்கால் வந்தால் வாடை. மேற்கால் வந்தால் கச்சான். தெற்கே ஆபிரிக்காவிலிருந்து செம்மண் புழுதியோடு வருகிற ஷிரோக்கோவை, "இது சோழகம் தம்பி, வேறை ஊர்ச் சோழகம்" என்றார் ஒருமுறை. அவர் தன்பாட்டில் சொன்ன மிக நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஷிரோக்கோவைப் பற்றியும் சொல்லவேண்டும். அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், பார்க்க வலு வடிவு. புதியவன் ஆசைப்பட்டு இறங்குவான். இருநூறு மீற்றர் தாண்டிவிட்டால் காற்று அவனைத் திரும்ப விடாது. ஒரு சித்திரை மாதம், மிலானிலிருந்து இருபது பேர் பழக வந்திருந்தார்கள். கைபேசியில் காற்றே இல்லை. கடல் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், மாடியில் அக்கா மற்ற எல்லா உடுப்பையும் அள்ளிவிட்டுப் பெட்சீற் ஒன்றை மட்டும் விட்டிருந்தார். அது மெல்லக் கடற்பக்கம் கை நீட்டியது. நான் சிவப்பை ஏற்றினேன்.

கிளப் தலைவர் வந்து குதித்தார். "காற்றே இல்லாத நாளில் சிவப்பா? உனக்குப் பைத்தியமா?" ஒரு மணித்தியாலம் என்னைத் திட்டினார். பிறகு மலையின் முதுகால் காற்று இறங்கியது. கடற்கரைக் குடைகள் பிடுங்குப்பட்டுத் தண்ணீரில் ஓடின. எங்கள் சொல்லைக் கேட்காமல் அடுத்த கடற்கரையில் இறங்கிய ஒருவரைக் கரையோரக் காவல் வள்ளம் போய்த்தான் தூக்கியது. தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. மாடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் ஒரு பெரிய கஸாத்தாக் கேக்கைப் பெட்டியில் கட்டி என் கையில் தந்தார். "அந்தப் பெண்ணிடம் கொடு. என்ன உதவி தேவை என்றாலும் கேட்டால் போதும் என்று சொல்."

நான் நாலாம் மாடிக்குப் போய் அப்படியே சொன்னேன். "என்ன வேணுமெண்டாலும் கேக்கட்டாமக்கா."

"ஓம் தம்பி," என்றார் அக்கா. கேக்கில் ஒரு துண்டு வெட்டி சிஞ்ஞோராவுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை என்னிடமே தந்தார். "பிள்ளையளுக்குக் குடுங்கோ."

பஸ் வேலைநிறுத்தத்தன்று நடந்ததும் அப்படித்தான். நான் ஸ்கூட்டரில் ஃபவோரித்தாப் பூங்கா வீதியால் போய்க்கொண்டிருந்தேன். மரங்களுக்குக் கீழே ஒரு பெண் இரண்டு பைகளோடு தனியே நடந்துகொண்டிருந்தார். கிட்டப் போனால் அக்கா. நகரத்திலிருந்து மொண்டெல்லோவுக்கு நடக்கிறார். என்னிடம் கைபேசி இருக்கிறது, அவரிடம் என் இலக்கம் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு போன் அடிச்சிருந்தால் வந்து ஏத்தியிருப்பனே!"

"நீங்கள் வேலைக்கெல்லே போறியள்."

"நான் வேலைக்குப் போறதும் உந்த றோட்டாலைதானேயக்கா!"

சிரித்தார். ஏறச் சொன்னேன், ஏறினார். சொல்லாவிட்டால் நடந்தே போயிருப்பார். அந்தக் கோபம் எனக்கு இப்போதும் இருக்கிறது, ஆனால் இப்போது அது யார்மீது என்று தெரியவில்லை.

கடைசி வருஷத்து மாசியில் ரோசா நைற்றி கயிற்றில் வருவது நின்றது. துவாய்களும் நின்றன. ஒரு பெட்சீற், இரண்டு தலையணை உறை, அவ்வளவுதான். நான் காற்றுக் குறிப்புப் புத்தகம் எழுதுகிறவன். அதில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்: நைற்றி இல்லை, சின்னப் பாய்க்குக் கணக்குப் பிடிக்கக் கஷ்டம். அந்த நைற்றி யாருடையது, அது ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் அந்தக் கயிற்றைப் பார்க்கிறவன் நான்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. கைபேசியில் செய்தி அனுப்பினேன். "அக்கா, நைற்றியையும் போடுங்கோ, காத்துப் பாக்கச் சுகம்." பதில் "ஓம் தம்பி" என்று வந்தது. அடுத்த நாள் ஏழு மணிக்கு ஒரு நைற்றி தொங்கியது. ரோசா இல்லை, நீலம். சின்ன அளவு, மெல்லிய துணி. ரோசாவைவிட முந்திக் கை தூக்கிவிடும். இரண்டு நாள் என் கணக்குப் பிழைத்துப்போய் நான் எரிச்சல்பட்டேன். பிறகு நீலத்துக்குப் பழகிவிட்டேன்.

அது அக்காவின் நைற்றி. சிஞ்ஞோராவை மகன் ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், ரோசா நைற்றியும் பெட்டியில் போய்விட்டது. வீடு விற்கும்வரை காவலுக்கு இரு என்று மகன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கொன்ட்ராத்தோ இல்லை. முந்தி இருந்த கொன்ட்ராத்தோவிலும் பாதி மணித்தியாலம்தான் எழுதியிருந்தார்களாம். அந்தளவு வருமானம் காணாது என்று கந்தோரில் மகளுக்கான மனுவை எடுக்கவில்லை. முழு நேரத்தையும் எழுதித் தாருங்கள் என்று சிஞ்ஞோராவிடம் கேட்க எட்டு வருஷமாக அக்காவுக்கு வாய் வரவில்லை. மகளுக்கு ஆனியில் பதினெட்டு முடிகிறது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும் என்பதும் உண்மை.

சித்திரையில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நீச்சல் உடுப்புகளைத் தோய்க்க ஒரு ஆள் வேண்டும், முழு நேரம், சட்டப்படி கொன்ட்ராத்தோ, உங்கள் ஆட்களில் ஒருவரைப் பார் என்றார். மனைவியின் மச்சாள் ஒருத்தி நகரத்தில் சீசா என்கிற பகுதியில் வீட்டில் சும்மா இருந்தாள். அவளுக்குச் சொன்னேன். அவளுக்குக் கடதாசியும் இருந்தது, புருஷனும் இருந்தான், வேலை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. யோசிப்பம் என்றாள்.

அந்தக் கிழமை வியாழன், பஸ் தரிப்பில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"உங்கட இடத்திலை தோய்க்க ஆள் எடுக்கினமாம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓமக்கா. மனிசியின்ர மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறன்."

"ஓ. நல்லது." கைப்பையின் சங்கிலியைத் திறந்து மூடினார். "நானும் நல்லாத் தோய்ப்பன்."

நான் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன். "உங்களுக்கென்னக்கா, நாலாம் மாடியிலை ராசாத்தி மாதிரி இருக்கிறியள். இஞ்சை வந்து உப்புத் தண்ணிக்கை நிக்கப் போறியளோ? பிறகு எங்களுக்குக் காத்துச் சொல்ல ஆர்?"

அவரும் சிரித்தார். பஸ் வந்தது, ஏறினோம். வழக்கமாக அவர் இறங்கும் இடத்தில் இறங்கிக் கை காட்டினார்.

மச்சாள் வைகாசிக் கடைசியில் வந்தாள். இரண்டு கிழமை தோய்த்தாள். உப்பு கையைத் தின்னுது, நகம் போகுது என்று விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை நானே தோய்த்தேன். ஆள் பிடிக்கிறேன் என்று தலைவரிடம் சொல்லிச் சொல்லி நாள் கடத்தினேன். கோடை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் கடற்காற்று ஒழுங்காக வந்தது. மாடியில் பெட்சீற், உறைகள், நீல நைற்றி.

ஆனி முடிந்து ஒரு ஞாயிறு மனைவி வந்து கதவைப் பூட்டமுன்பே தொடங்கினாள். "அந்த மன்னார் அக்கா ஊருக்குப் போறாவாம், ஒரேயடியா. கோயில்லை சொல்லிச்சினம்." சிஞ்ஞோரா, மகன், மகள், பதினெட்டு, எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். கடைசியில் கேட்டாள்: "உங்களிட்டையும் கேட்டவவாமே. உங்களுக்குக் கண் ஏன் இருக்கு? நாள் முழுக்க அந்த மாடியைத்தானே பாக்கிறியள்?"

நான் உடனே ஸ்கூட்டரை எடுத்தேன். நாலு மாடியும் ஏறிப் போனால் அக்கா ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கிற வீட்டின் தரையை. எனக்கு மூச்சு வாங்கியது. அதைவிடக் கோபம் வந்தது.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"கேட்டனான் தம்பி."

"அது கேக்கிறதோ? வாயைத் திறந்து வடிவாக் கேட்டிருக்கலாமே! எனக்கு வேலை வேணும், பிள்ளைக்குக் கடதாசி வேணும் எண்டு!"

துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். அவருக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். "எனக்கு அவ்வளவுதான் கேக்க வரும்," என்றார்.

"இப்ப வாங்கோ. இடம் காலிதான். நாளைக்கே எழுதுவிக்கிறன்."

"இனி என்னத்துக்கு? பிள்ளைக்குப் போன கிழமை பதினெட்டு முடிஞ்சுது. அவள் இஞ்சை வரேலாதெண்டால் நான் அங்கை போறன்."

தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்தேன். கடைசிவரைக்கும் புத்தி போகாமல், காற்றைப் பற்றியே கதைத்தேன். இனி நாங்கள் கூரையில் கருவி பூட்டவேண்டியதுதான் என்றேன். "கயிறை நான் அவிழ்க்கேல்லை," என்றார் அக்கா. "நீங்கள் பாருங்கோ."

செவ்வாய்க்கிழமை போய்விட்டார். விமான நிலையத்துக்கும் யாரையும் கேட்கவில்லை, பஸ்ஸில்தான் போனாராம். புதன் காலை ஏழு மணிக்குத் திரும்பிப் பார்த்தேன். உடுப்புகள் அப்படியே தொங்கின. உறைகள் இடப்பக்கம், நைற்றி நடுவில், பெட்சீற் வலப்பக்கம். எனக்கு அழுகை வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை. நைற்றியின் கை தூக்கியிருந்தது. மஞ்சளை ஏற்றினேன். ஆடி, ஆவணி, புரட்டாதி, மூன்று மாதமும் அந்தக் கயிற்றைப் பார்த்தே கொடி ஏற்றினேன். இவ்வளவு காற்றுக்கும் விழாமல் நிற்கிறதே, நல்ல கிளிப்பாய்ப் போட்டிருக்கிறா என்று ஒருநாள் நினைத்தும் இருக்கிறேன்.

ஐப்பசியில் வீடு விலைப்பட்டது. சிஞ்ஞோராவின் மகன் ரோமிலிருந்து, பக்கத்தில் இருக்கிறவர்கள் என்று கிளப்புக்குத் தொலைபேசி எடுத்து, மாடியைத் துப்புரவாக்க யாரையாவது அனுப்புங்கள் என்றார். நான் கத்தரிக்கோலோடு போனேன்.

கிளிப் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தைத்திருந்தது. மீன்பிடி நைலோன் நூலால், கயிற்றைச் சுற்றிச் சுற்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒவ்வொரு தையலுக்கும் மூன்று முடிச்சு. பெட்சீற்றின் கரை பிய்ந்து நூல்நூலாய்ப் போயிருந்தது, தையல் அசையவில்லை. நைற்றியைத் தோள் இரண்டிலும் தைத்திருந்தார். வெயிலில் அதன் நீலம் போய் வெள்ளையாகிவிட்டது.

நான் திரும்பிக் கடற்பக்கம் பார்த்தேன். அங்கிருந்து கிளப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்தது. கொடிக்கம்பம், பலகைகள், நான் சாப்பிட இருக்கிற வாங்கு. நேர் கீழே உடுப்புத் தோய்க்கிற தொட்டி, கைக்கெட்டும் தூரம்போல. மச்சாள் வந்ததும் தெரிந்திருக்கும், வராமல் விட்டதும் தெரிந்திருக்கும். இரண்டு கிழமை நான் அந்தத் தொட்டியில் தனியே குனிந்து நின்றதும் தெரிந்திருக்கும். அக்கா இங்கே நின்று பார்த்திருப்பார். நானும் இடையிடையே நிமிர்ந்து இந்த இடத்தைத்தான் பார்த்தேன், காற்று எந்தப் பக்கம் என்று.

கத்தரிக்கோலைப் பொக்கற்றுக்குள் வைத்தேன். பின்னால் சூடாக ஒரு மூச்சு வந்தது. பெட்சீற்றின் கிழிசல் எல்லாம் ஒன்றாக எழும்பிக் கடற்பக்கம் நீண்டது. கீழே பத்துப் பன்னிரண்டு பேர் பாய்களோடு நின்று மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய்ச் சிவப்பை ஏற்றினேன்.